முருங்கையும் வெண்டையும் ஒரே கொல்லையில்: ஒப்பிட்டு வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வெண்டைக்குப் பாய்ச்சுவதைப் போலவே முருங்கைக்கும் பாய்ச்சுவதும், முருங்கையை விட்டுவைப்பதைப் போலவே வெண்டையையும் விட்டுவைப்பதும்தான் கொல்லையில் புதிதாகப் பயிர் வைப்பவர்கள் செய்கிற பெரும்பிழை. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய விதைகள், ஒரே மண், ஒரே பூவாளி. ஆகவே கவனிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முருங்கை மாடி வரை உயர்ந்து பூவில்லாமல் நிற்கும். வெண்டையோ நார் பாய்ந்த காய்களோடு காய்ந்து போயிருக்கும்.

இந்த வழிகாட்டி செடிமுருங்கை (விதையிலிருந்து வளர்க்கும் சிறுமரம்) இரண்டு, வெண்டை அறுபது என்ற அளவில், ஏறக்குறைய அரை சென்ட் இடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு இந்த அளவு போதும். தமிழ்நாட்டுச் சமவெளியின் பருவங்களை ஒட்டியே காலக் கணக்கு தரப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் இரண்டின் இயல்பையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்

வெண்டையின் வாழ்நாள் 90 முதல் 100 நாள். விதைத்த 40 நாளுக்குள் பூ வரும். 45ஆம் நாளில் முதல் காய் பறிக்கலாம். அதன்பின் ஏறக்குறைய ஐம்பது நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். செடிமுருங்கை முதல் காயைத் தர ஆறு மாதம் ஆகும், ஆனால் வெட்டிவிட்டு வளர்த்தால் மூன்று ஆண்டு வரை பலன் தரும். வெண்டையில் ஒரு வாரம் தவறவிட்டால் அந்தப் பருவத்தின் கணிசமான பகுதி போய்விடும். முருங்கையில் ஒரு வாரம் என்பது பொருட்டே அல்ல. ஆனால் குழி வெட்டும் இடத்தைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் மூன்றாண்டுக்கும் அந்தத் தவறோடு வாழ வேண்டும்.

இடத் தேவையிலும் இதே வேறுபாடுதான். செடிமுருங்கைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 2.5 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது ஒரு மரத்துக்கு 6.25 சதுர மீட்டர். வெண்டைக்கு 45 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். ஒரு முருங்கை நிற்கும் இடத்தில் 46 வெண்டை நிற்கும் என்பது கணக்கு. மூன்று முருங்கை வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: இரண்டும் ஆணிவேர் இறக்குபவை. நாற்று விட்டுப் பிடுங்கி நடும் பழக்கம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பொருந்தும், இவற்றுக்குப் பொருந்தாது. இரண்டையும் நேரடியாகவே விதையுங்கள். பையில் வளர்த்த முருங்கைக் கன்றையும் வேரைச் சுற்றிய மண்கட்டி உடையாமல் நடலாம்தான். ஆனால் முதல் மாதத்திலேயே விதைக்கன்று அதை எட்டிப்பிடித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

முருங்கைக்குப் பி.கே.எம் 1 விதை எட்டு இருந்தால் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளிவந்த இந்த இரகம் விதை மூலம் வளர்வது, இரண்டரை அடி நீளக் காய் தருவது. விதை புதியதாக இருக்க வேண்டும். முருங்கை விதை நாளாக ஆக முளைப்புத் திறனை விரைவாக இழக்கிறது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை போன்ற மரமுருங்கைகளைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டு வளர்ப்பார்கள். அவை பல ஆண்டு நிற்கும் பெருமரங்கள். அரை சென்ட் இடத்துக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வெண்டைக்கு அர்கா அனாமிகா இரகத்தில் 15 கிராம் விதை வாங்குங்கள். இதைத் தேர்வதற்குக் காரணம் இரண்டு. மஞ்சள் நரம்புத் தேமல் நோயை இது ஓரளவு தாங்கும். இது வீரிய ஒட்டு இரகம் அல்ல என்பதால், அடுத்த பருவத்துக்கு நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு நன்கு மக்கிய தொழுவுரம் ஐம்பது கிலோ, மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, பூவாளி, இரண்டு மூங்கில் குச்சி, கூர்மையான சிறு கத்தி, முழுக்கைச் சட்டை ஒன்று ஆகியவை வேண்டும். சட்டை எதற்கு என்று கேட்பவர்கள் வெண்டைச் செடிக்குள் ஒருமுறை வெறுங்கையை விட்டுப் பார்க்கலாம். இலையிலும் தண்டிலும் காயிலும் உள்ள சுணை பட்டால் முழங்கை வரை அரிப்பு மாலை வரை நிற்காது.

தொழுவுரம் மக்கியிருக்கிறதா என்பதைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாணி வாடை அடித்தால் மக்கவில்லை. அது மண்ணுக்குள் சூடேறி முளையைக் கருக்கும், கறையானையும் அழைத்து வரும்.

3. இடத்தைப் பிரித்தல்: மரம் வடக்கே, காய்கறி தெற்கே

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். வெண்டைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும். நிழலில் நின்றால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து காய் குறைந்துவிடும். நம் பகுதியில் ஆவணி கடைசியிலிருந்து பங்குனி வரை நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்தே செல்கிறது. மார்கழியில் நண்பகலில்கூட 12 அடி மரத்தின் நிழல் ஏறக்குறைய 8 அடி தூரம் வடக்கே விழும். எனவே முருங்கையை வடக்கு ஓரத்தில் வைத்தால் அதன் நிழல் காய்கறிப் பாத்தியில் விழாது. முருங்கை நிழல் சல்லடை நிழல்தானே என்று சொல்வார்கள். கீரை வகைக்கு அது போதும், வெண்டைக்குப் போதாது.

வடக்கு ஓரத்தில் எட்டடி இடைவெளியில் இரண்டு குழிகளுக்கு அடையாளம் இடுங்கள். அங்கிருந்து தெற்கே ஐந்தடி விட்டு, ஒன்பதடிக்குப் பத்தடி அளவில் வெண்டைப் பாத்திக்குக் கயிறு பிடியுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக ஆறு வரிசை, வரிசைக்குப் பத்துச் செடி. அறுபது கணக்கு சரியாக வரும்.

முருங்கைக்கு இன்னும் மூன்று விலக்குகள் உண்டு. கிணற்றின் மேலும், துணி உலர்த்தும் கொடியின் மேலும், படுக்கையறைச் சன்னலை ஒட்டியும் அதன் கிளை வரக்கூடாது. மழைக்காலத்தில் கம்பளிப்புழு அடைஅடையாகத் தண்டில் ஏறும். அவற்றின் மயிர் துணியில் ஒட்டினால் உடம்பெல்லாம் தடிக்கும். அடுத்து, மழைநீர் தேங்கும் பள்ளத்தை விட்டுவிடுங்கள். முருங்கை வறட்சியைத் தாங்கும், உவர்ப்பையும் ஓரளவு தாங்கும். ஆனால் வேரைச் சுற்றி மூன்று நாள் நீர் நின்றால் அழுகிவிடும். கடைசியாக, காற்று நேரே மோதும் சந்துமுனை வேண்டாம். முருங்கை பருத்தால் தூணாகுமா என்ற பழமொழி அனுபவத்தில் வந்தது. அதன் மரம் அவ்வளவு மென்மையானது, கிளை எளிதில் முறிவது.

4. காலக் கணக்கு: இரண்டையும் ஆடியில் தொடங்குவதன் காரணம்

வெண்டையை மாசியிலும் விதைக்கலாம், ஆடியிலும் விதைக்கலாம். முருங்கைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். இரண்டும் சேரும் இடம் ஆடிப் பட்டம்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி, அதாவது ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதைத்தால், வெண்டை செப்டம்பர் நடுவில் காய்க்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர் தொடக்கத்தில் ஓய்ந்துவிடும். முருங்கைக்கு அதே மழை வளர்ச்சிக் காலத்து மழையாக அமையும். பூ எடுப்பது மழை ஓய்ந்த தை மாதத்தில் வரும். முருங்கைப் பூவின் மேல் அடைமழை பெய்தால் பூ உதிரும். பூ எடுக்கும் காலத்தை மழையிலிருந்து தள்ளிவைப்பதுதான் இந்தக் கணக்கின் நோக்கம்.

ஆடியில் வெண்டையை இரண்டு தவணையாக விதைக்க வேண்டாம். மாசிப் பட்டத்தில் பதினைந்து நாள் இடைவெளியில் பாதிப்பாதியாக விதைத்தால் காய் நீண்ட நாள் கிடைக்கும். ஆடியில் அப்படிச் செய்தால் இரண்டாம் தவணை மழையில் மாட்டிக்கொள்ளும்.

5. முருங்கைக் குழி

வெண்டைப் பாத்தியைத் தொடுவதற்கு முன்பே, விதைப்பதற்குப் பத்து நாள் முன்னதாக, முருங்கைக் குழியை வெட்டுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவியுங்கள். குழியை வெயிலில் ஆறப்போடுவதால் மண்ணிலுள்ள புழுக்களும் பூசணமும் குறைகின்றன.

பத்தாம் நாள், மேல்மண்ணோடு 10 முதல் 15 கிலோ தொழுவுரத்தைக் கலந்து முதலில் இட்டு, மேலே மீதி மண்ணைப் போட்டு, தரையைவிட நான்கு விரற்கடை மேடாக நிரப்புங்கள். குழி மண் நாளடைவில் அமுங்கும். தரைமட்டத்துக்கு நிரப்பியவர்களின் குழி ஐப்பசி மழையில் குட்டையாகிவிடும். கன்று அழுகிப்போவதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான்.

நிரப்பிய குழியை நன்றாக நனைத்து, மறுநாள் ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு விதைகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முளைக்கும். அந்தப் பன்னிரண்டு நாளில் பொறுமையிழந்து விரலால் தோண்டிப் பார்ப்பவர்கள் பலர். முளை ஒடிவது அப்போதுதான். இரண்டு கன்றும் முழங்கால் உயரம் வந்ததும் நலிந்ததை அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நல்ல கன்றின் வேரும் அசையும்.

6. வெண்டைப் பாத்தி

பாத்தியை ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ தொழுவுரம் என்ற கணக்கில் மொத்தம் 20 கிலோ இட்டுக் கலந்துவிடுங்கள். பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பார், அதாவது நீளவாக்கில் மண்மேடு, பிடியுங்கள். சமதரையிலும் வெண்டை வளரும். ஆனால் பார் பிடித்தால் நீர் வாய்க்காலில் ஓடி வேருக்குப் போகும், தண்டின் அடி நனையாது, பறிக்கும்போது கால் வைக்கவும் இடம் இருக்கும்.

வெண்டை விதையின் தோல் கடினமானது. முதல்நாள் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். காலையில் மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை நிழலில் அரைமணி நேரம் உலர்த்துங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தின் தூள் கிடைத்தால் ஒரு சிட்டிகை தூவிப் புரட்டிக்கொள்ளலாம். முளைக்கும் போதே தண்டு அழுகுவதை அது தடுக்கும். பாரின் பக்கவாட்டில் ஒரு அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு மூன்று விதை, முக்கால் அங்குல ஆழத்தில் போடுங்கள். நான்கைந்து நாளில் முளை தெரியும்.

பத்தாம் நாள் குழிக்கு ஒரு செடியை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இங்கேதான் பலருடைய கை நடுங்கும். ‘முளைத்ததை எப்படிக் கிள்ளுவது’ என்று மூன்றையும் விட்டுவைப்பார்கள். மூன்று செடியும் ஒன்றையொன்று நெருக்கி உயரத்துக்குப் போட்டியிடும். காற்று புகாத அந்த நெருக்கத்தில் வெள்ளை ஈ குடிபுகும். ஒன்றாக நின்ற செடி தரும் 15, 20 காயை நெருக்கி நின்ற மூன்றும் சேர்ந்து தந்து நான் பார்த்ததில்லை.

7. தண்ணீர்: இரண்டுக்கும் ஒரே குழாயைத் திறக்காதீர்கள்

முதல் பதினைந்து நாள் மட்டும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். விதைத்தவுடன் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அதன்பின் மண் காயாமல் பூவாளியால் தெளிப்பது. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது.

வெண்டைக்கு வாரம் ஒருமுறை வாய்க்கால் நிறையப் பாய்ச்சுங்கள். மணற்பாங்கான மண்ணிலும் கடும் வெயிலிலும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். பூவும் காயும் ஒருசேர நிற்கும் செடி அது. நீர் தட்டினால் காய் வளைந்து, பிஞ்சிலேயே நார் கட்டும். நண்பகலில் இலை துவள்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது வெயிலுக்குத் துவள்வது. மாலை ஐந்து மணிக்கும் இலை நிமிரவில்லையென்றால்தான் நீர் போதவில்லை என்று பொருள்.

முருங்கைக்குப் பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். மண்ணை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்து, உள்ளே ஈரம் தெரிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேலெல்லாம் பச்சை, பூ மட்டும் இல்லை என்று வருந்துபவர்களின் கொல்லைக்குப் போனால், பாத்திரம் கழுவும் நீர் வாய்க்கால் வழியாக முருங்கை அடியில் போய் விழுந்துகொண்டிருக்கும். நாள்தோறும் நீரும் சத்தும் கிடைக்கும் மரம் இலையாகவே தழைக்கிறது. கீரைக்கென்றே வளர்ப்பவர்களுக்கு அது இலாபம், காய் வேண்டுபவர்களுக்கு இழப்பு. அந்த வாய்க்காலை வாழைக்குத் திருப்பிவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பூ எடுத்தபின் இன்னொரு கவனம் தேவை. தை, மாசியில் மரம் பூத்துக் குலுங்கும் போது மண்ணை அடியோடு காயவிட்டுவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் பூ கொத்துக்கொத்தாக உதிரும். எங்கள் வீட்டில் ஒரு பொங்கல் சமயம் இப்படித்தான் நடந்தது: மூன்று வாரம் மறந்துபோன மரத்துக்கு ஒரே இரவில் குழாயைத் திறந்து விட்டுத் தூங்கிப்போனேன், மூன்றாம் நாள் காலை மரத்தடி வெண்பாய் விரித்ததுபோல் இருந்தது. குறைவாக, ஆனால் சீராகப் பாய்ச்சுவதே அந்த இரண்டு மாதத்துக்குச் சரியான முறை.

அடைமழை தொடங்கும் முன் முருங்கை அடியில் மண் அணைத்து மேடாக்குங்கள், மூங்கில் குச்சி நட்டு எட்டு வடிவில் கயிறு கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு அறுத்துவிடும்.

8. நுனி கிள்ளுதல், களை, உரம்

கன்று 75 சென்டிமீட்டர் உயரம், அதாவது இடுப்பளவை எட்டாத உயரம் வந்ததும் முருங்கையின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஏறக்குறைய இரண்டாம் மாதம் இது வரும். கிள்ளாத மரம் ஒற்றைத் தண்டாக வானத்தைப் பார்த்துப் போகும். பூ கிளை நுனிகளில் வருவது என்பதால், கிளையில்லாத மரத்தில் பூவும் குறைவு, வந்த காயும் கைக்கெட்டாது. கிள்ளியபின் பக்கக் கிளைகள் ஆறேழு வெடிக்கும்.

வெண்டைக்கு நுனி கிள்ள வேண்டாம். அதன் பூ நடுத்தண்டில் ஒவ்வொரு இலைக்கணுவிலும் வரிசையாக மேலேறி வருவது. நுனியைக் கிள்ளினால் அந்த வரிசை நின்று, பக்கக் கிளை வளரும் வரை காத்திருக்க வேண்டிவரும். நூறு நாள் செடிக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது.

வெண்டைக்கு முதல் முப்பது நாள் களை இருக்கக்கூடாது. அதன்பின் இலை விரிந்து தானே நிழல் கட்டிக் களையை அடக்கிவிடும். முப்பதாம் நாள் களை எடுத்ததோடு மண் அணைத்து, விரும்புபவர்கள் சதுர மீட்டருக்கு ஒரு சிறு கரண்டி யூரியா, அதாவது 4, 5 கிராம் இடலாம். முருங்கைக்கு மூன்றாம் மாதம் மரம் ஒன்றுக்கு யூரியா 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 100 கிராம், பொட்டாஷ் 50 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஆறாம் மாதம் மறுபடி யூரியா 100 கிராம். இதைத் தண்டை ஒட்டி இடாமல் ஒரு அடி தள்ளி வட்டமாகக் கீறி இட்டு, மூடி, நீர் பாய்ச்ச வேண்டும். இரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் அதே மாதங்களில் பத்து கிலோ தொழுவுரமோ மண்புழு உரமோ இட்டால் வீட்டுத் தேவைக்குக் காய் குறையாது.

9. பூச்சியும் நோயும்

வெண்டையின் பெரும்பகை மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரியும், பின்பு காயும் வெளுக்கும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவது வழக்கமான தவறு. இது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது. கண்ட அன்றே வேரோடு பிடுங்கிப் புதைத்தால் மற்றவை பிழைக்கும். பாத்தியில் மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிடுங்கள். நுனிக்குருத்து திடீரென வாடித் தொங்கினால் உள்ளே காய்த்துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குக் கீழே நறுக்கி அழித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஐம்பது கிராம் கொட்டைத்தூளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துத் தின்னும் காய்க்கு இரசாயன மருந்து அடித்தால், அடித்தபின் காய் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாள் முடிவதற்குள் நான்கு பறிப்பு முற்றிப்போகும். வெண்டைக்கு மருந்தடிப்பதை நான் தவிர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முருங்கையில் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். நீண்ட கோலில் துணி சுற்றித் தீப்பந்தம் காட்டுவது பழைய முறை. மரப்பட்டை கருகாமல் செய்ய வேண்டும். காயில் பிசின் வடிந்து நுனி காய்ந்தால் அது பழ ஈயின் வேலை. உதிர்ந்த காய்களை மரத்தடியில் விட்டுவைக்காமல் ஆழப் புதையுங்கள்; அவற்றிலிருந்துதான் அடுத்த தலைமுறை ஈ கிளம்புகிறது.

10. பறிப்பு

வெண்டைப் பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் கூம்பிவிடும். அன்றிலிருந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதம். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், முழுக்கைச் சட்டையோடு, கத்தியால் காம்போடு அறுங்கள். திருகிப் பிடுங்கினால் தண்டின் பட்டை உரியும். சந்தையில் பெண்கள் செய்வதைப் போல நுனியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் இளங்காய். வளைந்து தொங்கினால் முற்றிவிட்டது.

முற்றிய காயைச் செடியிலேயே விட்டுவிடுவது பெருந்தவறு. விதை முதிரத் தொடங்கியதும் செடி தன் வேலை முடிந்ததென்று புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தின்ன ஆகாத காயையும் அறுத்துப் போட்டுவிட வேண்டும். விதைக்கென்று நல்ல செடிகள் இரண்டை முதலிலேயே நூல் கட்டி ஒதுக்கிவிட்டால், ஊருக்குப் போய்வந்த பிறகு முற்றிய காயையெல்லாம் ‘விதைக்கு ஆகட்டும்’ என்று விட்டுவைக்கும் ஆசை வராது.

முருங்கைக்காய் இவ்வளவு அவசரப்படுத்தாது. பதத்துக்கு வந்தபின்னும் ஒரு வாரம் தாங்கும். காய் விரலளவு பருத்து, தோலில் விதைப் புடைப்பு மேடுபள்ளமாகத் தெரியாத நிலை சரியான பதம். தொரட்டிக் கோலால் பறியுங்கள், மரத்தில் ஏறாதீர்கள். கிளை முன்னறிவிப்பில்லாமல் முறியும். நன்கு பராமரித்த பி.கே.எம் 1 மரம் ஆண்டுக்கு இருநூறு காய்க்கு மேல் தரக்கூடியது. கீரை ஒடிக்கும்போது ஒரு கிளையை மொட்டையாக்காமல் மரம் முழுதும் பரவலாக ஒடியுங்கள். பூ மொட்டு தெரிந்தபின் காய் பறிப்பு முடியும் வரை கீரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்க்கு உணவு சமைத்துத் தருவது அந்த இலைதான்.

11. பயன்களை ஒப்பிடுதல்

வெண்டை ஒரே ஒரு பகுதிக்காக, அதுவும் இளமையில் மட்டும் பயன்படும் பயிர். மண்டி, புளிக்குழம்பு, பச்சடி, பொரியல் என்று செலவழிந்தது போக மிஞ்சியதை நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, இரண்டு மூன்று வெயில் காயவைத்தால் வற்றலாகும். காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்தபின் நறுக்குவதும், வதக்கும்போது சிறிது புளியோ தயிரோ சேர்ப்பதும் கொழகொழப்பைக் குறைக்கும்.

முருங்கையில் கீரை, பூ, பிஞ்சு, காய், விதை எல்லாமே சமையலுக்கு ஆகும். கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைக்கலாம். வெயிலில் உலர்த்தினால் நிறமும் சத்தும் போய்விடும். ஒடித்த கிளையின் தழையை ஆடு விரும்பித் தின்னும். வேரையும் வேர்ப்பட்டையையும் மட்டும் வீட்டு மருந்தாகப் பயன்படுத்தாதீர்கள். அதில் நச்சுப் பொருள்கள் உள்ளன, கருவுற்ற பெண்களுக்கு அது ஆகாது.

சமையலுக்கு வெளியே இரண்டும் ஒரே வேலையைச் செய்வது எனக்கு எப்போதும் வியப்பு. முற்றிய முருங்கை விதையின் பருப்பைப் பொடித்துக் கலங்கல் நீரில் கலக்கினால், அதிலுள்ள புரதம் சேற்றுத் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் வெண்டைத் தண்டை நசுக்கி நீரில் பிசைந்து எடுத்த கொழகொழப்பைக் கொதிக்கும் கருப்பஞ்சாற்றில் ஊற்றுவார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அதை அரித்து எடுத்துவிடுவார்கள். முருங்கை விதையால் தெளிந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. தெளிவு வேறு, கிருமி நீக்கம் வேறு.

12. பறிப்பு முடிந்தபின் செய்ய வேண்டியவை

நவம்பரில் வெண்டை ஓய்ந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் மண்ணில் நூற்புழு சேர்ந்திருக்கிறது. அந்தப் பாத்தியில் அடுத்துத் தக்காளியோ கத்தரியோ வெண்டையோ வைத்தால் அதே புழு அவற்றையும் பிடிக்கும். ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு, அதற்குப் பிறகு மற்றதை யோசியுங்கள். முடிச்சு இல்லையென்றால் செடியை நறுக்கி உரக்குழியில் போடலாம். விதைக்கென ஒதுக்கிய இரண்டு செடியின் காய்கள் மட்டும் செடியிலேயே காய்ந்து வெடிக்கும் நிலைக்கு வரட்டும். அந்தக் காய்களை மழை நனைக்காமல் ஒரு காகிதப்பையால் மூடிக் கட்டிவையுங்கள்.

முருங்கைக்கு அடுத்த ஆடித் தொடக்கத்தில், காய் ஓய்ந்தபின், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தண்டைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கிடைமட்டமாக வெட்டினால் வெட்டுவாயில் மழைநீர் தங்கி அழுகல் இறங்கும். வெட்டுவாயில் பசுஞ்சாணமோ போர்டோ பசையோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) பூசுங்கள். துளிர்த்து வரும் முளைகளில் நான்கு திசைக்கு நான்கைந்து விட்டு மற்றதைக் கிள்ளி, மரத்துக்குப் பத்து கிலோ தொழுவுரம் இட்டால் நான்கைந்து மாதத்தில் மறுதாம்பு, அதாவது வெட்டியபின் தழைத்த மரம், காய்க்கும். இப்படி மூன்றாம் ஆண்டு வரை கொண்டுபோகலாம். மூன்றாம் ஆண்டு ஆடியில் பழைய மரத்தை வெட்டும்போதே, அதே குழியில் அல்லாமல், வடக்கு ஓரத்திலேயே இரண்டு மரத்துக்கும் நடுவே புதுக்குழி வெட்டி ஆறப்போட்டுவிடுங்கள். பழைய மரம் கடைசிக் காய் தரும்போது புதியது பூ எடுத்திருக்கும்.